அடியில் கிடந்த சீனி

கைவிலங்கை எடுத்து அடுப்புத் திட்டில் டக்கென்று வைத்தார் எஸ்.ஐ. கிஷாந்த். ராக்காயி கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"வீட்டுல எத்தன பேரு?"

"நான் ஒருத்திதாங்க ஐயா. வேற யாரு இருக்கா?"

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு அப்போதுதான் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"நேத்து உங்க மலையில பாட்டு ஒண்ணு படம் புடிச்சிருக்காங்க. டீவியில பாடுற சுலக்ஷனா மேடம் பனி மூடுன நேரத்துல காணாமப் போயிட்டாங்க. கடைசியா அவங்க பக்கத்துல நின்னு கொழுந்து எடுத்தது யாரு?"

"நாப்பது பொம்பளைங்க நின்னோங்க. பனியில எங் கையே எனக்குத் தெரியலைங்க."

கான்ஸ்டபிள் சிறில் சிரித்தார். அவரும் தோட்டத்து ஆள்தான், பொகவந்தலாவைப் பக்கம். "சேர், அந்த நாப்பது பேருல மேடத்து மேல கோவம் இருக்கிறது இவ ஒருத்திக்குத்தான். மேடம் வீட்டுல வேலைக்கு நின்ன புள்ள செத்துச்சே, அது இவ மக. அந்த வேலைக்காரப் புள்ளைக்காகப் பழி வாங்க..."

"பேரு தனுஷிகா" என்றார் எஸ்.ஐ., கையிலிருந்த ஃபைலைத் திறக்காமலே.

சுவரில் மகளின் படம் இருந்தது. ராக்காயி அந்தப் பக்கம் திரும்பவில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் தனுஷிகா போனில் ஒரே சிரிப்பு. "தீவாளிக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வாறேம்மா. ஏசக்கூடாது" என்றாள். யாருடி என்றதற்குச் சொல்லவில்லை. வந்தது சீல் வைத்த பெட்டி. மாடியிலிருந்து வழுக்கி விழுந்தாளாம். அதற்கு முன்னால் இரண்டு நாள் சோறில்லாமல் ஸ்டோர் அறையில் அவளைப் பூட்டி வைத்ததாகப் பக்கத்து வீட்டு வேலைக்காரி சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதனால்தான் நேற்றுப் பனிக்குள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அந்தப் பாடகியின் கழுத்தில் வைத்தாள் ராக்காயி. மூச்சுக் காட்டாமல் நடத்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் கையும் வாயும் கட்டிப் போட்டிருக்கிறாள். எம்மகள் கிடந்ததுபோல நீயும் கிட, அவளுக்கு என்ன நடந்தது என்று உன் வாயால் சொன்னால்தான் வெளியே விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது பத்தடி தூரத்தில் பொலிஸ் நிற்கிறது.

சிறில் மூலையிலிருந்த கோப்பையை எடுத்து மோந்து பார்த்தார். உள்ளே விரலை விட்டு அடியைத் தடவி, நாக்கில் வைத்தார்.

"பிளேன்டீ. அடியில சீனி கெடக்கு. ஏன் ராக்காயி, நம்ம ஆளுங்க சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுத்தானே குடிப்போம்? அந்தா கெடக்கே ஒங் கோப்ப, அதுல ஒரு பொட்டுச் சீனி இல்ல. இத யாருக்குக் கலக்குன?"

"ஆசையா இருந்துச்சுங்க. நாந்தான் குடிச்சேன்..."

"ஒரு வாய்க்கு ரெண்டு கோப்பையா? நான் சொல்லட்டா? கையில சீனி வாங்கிக்க முடியாத ஆளுக்கு. கையக் கட்டிப் போட்ட ஆளுக்கு!"

விடியற்காலையில் அந்தப் பெண் குளிரில் வெடவெடத்துக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், ராக்காயிதான் வாயில் வைத்துப் புகட்டினாள். ஒரு கரண்டிச் சீனி இப்போது அவளை மறியலில் கம்பி எண்ண வைக்கப் போகிறது.

எஸ்.ஐ. கோப்பையை வாங்கிப் பார்த்தார். முகம் கல்லுமாதிரி இருந்தது.

"பின்னால என்ன?"

"வெ... வெறகுக் கொட்டிலுங்க."

"தொறங்க. சிறில், நீங்களும் வாங்க. உங்க கண்ணாலயே பாக்கணும்."

கதவுக்குப் பூட்டில்லை, முறுக்குக் கம்பிதான். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் அவள் முறுக்கியதைவிட இப்போது இறுகிக் கிடந்தது. அவளால் அவிழ்க்க முடியவில்லை. சிறில் அவளைத் தள்ளிவிட்டு அவிழ்த்தார். ராக்காயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சே!" என்றார் சிறில்.

கண்ணைத் திறந்தாள். விறகு சுவரோரம் அடுக்கியபடி இருந்தது. சுலக்ஷனா இல்லை. கட்டிய கயிறு இல்லை. வாயில் சுற்றிய துணியும் இல்லை. தரையை யாரோ கூட்டிவிட்டிருந்தார்கள்.

தப்பித்திருந்தால் இந்நேரம் ஊரே திரண்டிருக்குமே. அப்படியென்றால் உள்ளே வந்தது யார்? கொண்டுபோய் என்ன செய்தார்கள்?

"ஒண்ணும் இல்லன்னு புத்தகத்துல எழுதிக்கங்க சிறில். போய் ஜீப்பத் திருப்புங்க. தலவாக்கலை ரோட்டுல தேடுவோம்."

"அந்தச் சீனிதான் எனக்கு இடிக்குது சேர்" என்று முணுமுணுத்துக்கொண்டே சிறில் படியிறங்கினார்.

ராக்காயி பொத்தென்று எஸ்.ஐ.யின் காலில் விழுந்தாள்.

"ஐயா, சத்தியமா நான் கொல்லலைங்க. இங்கதான் கட்டி வச்சேன். அந்தப் பொம்பள எங்க போனாளோ எனக்குத் தெரியாதுங்க. எங்கயாவது செத்துக் கெடந்தாள்னா எம்மேலதானே பழி வரும்..."

அவர் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கீழே ஜீப் இரையும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அவ இப்ப எங்கிட்டதான் இருக்கா, அத்தை."