ஆறு சொல்லுக்குள்

‘தி’யைத் தூக்கினேன். ‘ஏ’யையும் தூக்கினேன். ஆங்கிலத் தலைப்பில் இரண்டுமே டிக்கெட் எடுக்காமல் இடத்தை அடைத்து நிற்பவை.

மீதி ஆறு சொல். ஓய்வுபெற்ற சூப்பிரண்டைப் பஸ்ஸில் பெண் அடித்தாள் என்று பொருள்.

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில் எங்கள் ஆங்கிலச் செய்தித்தளம். பத்து மணிக்கு முதல் செய்தி ஏற வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். இந்த மாடியில் என்னைவிட வேகமாகத் தலைப்பு வைக்க ஆள் கிடையாது.

இன்று இடது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். அப்படியும் நான்தான் வேகம்.

செய்தி அனுப்பியவன் நெய்யாற்றங்கரை நிருபர் நிஜின். காலையில் குன்னத்துகால் பஸ்ஸில் பொன்னப்பன் என்பவரை ஒரு பெண் காரணமில்லாமல் கன்னத்தில் அறைந்துவிட்டாளாம். பொன்னப்பனே போன் போட்டுச் சொன்னது.

அவருக்குப் பெயர் இருந்தது. வயது அறுபத்தொன்று, பழைய பதவி, கோயில் கமிட்டிப் பொறுப்பு எல்லாம் இருந்தன.

அவளுக்கு ஒரு ‘ஏ’ மட்டும் இருந்தது. அதையும் இப்போதுதான் நான் தூக்கியிருந்தேன்.

நிஜினைக் கூப்பிட்டேன்.

“எலே, காரணமில்லாம ஒருத்தி அடிப்பாளா?”

“பஸ்ஸில நின்னவங்க வேற மாதிரி சொல்லுதாங்க அக்கா. அவருக்க கை சும்மா இருக்கலியாம். ஆனா பெண்ணுக்க பேரு கிட்டல. பேரு வெளிய வந்தா வீட்டில பெறகு வேலைக்கு விடுவாங்களா? அதாக்கும் வாயத் தொறக்காம பாறசாலையில இறங்கிப் போச்சு.”

போனை வைத்தேன். புதிய தலைப்பு எழுதினேன். பஸ்ஸில் சீண்டிய முன்னாள் சூப்பிரண்டுக்கு அறை. இதுவும் ஆறே சொல்தான்.

ஆசிரியர் கிருஷ்ணன்குட்டி சார் வாழைப்பழத்தை உரித்தபடி படித்தார்.

“ஜிஜா மக்கா, இது அவளுக்க பக்கம். சொன்னது யாரு? பேரில்லாம போட்டா நாளைக்குக் கேஸ் நமக்காக்கும். பேரு இல்லெங்கி பழைய தலைப்பே ஏறட்டு.”

எங்கள் தொழிலில் விதி அப்படி. பெயரோடு சொன்னால் செய்தி. பெயரில்லாமல் சொன்னால் வம்பு. கோயில் கமிட்டிக்காரர் பெயரோடு சொல்லிவிட்டார்.

மணி ஒன்பது ஐம்பது.

“பேரு நான் தாறேன் சார்.”

“நீ தந்தா போராது. இந்த மாதிரி கேஸில அவ கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தரணும். பத்து நிமிசத்தில எங்க போயி அவளப் பிடிப்ப?”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் மேசையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவினேன்.

நடந்ததை நான்கு வரியில் எழுதினேன். பெயரை வெளியிடச் சம்மதம் என்று எழுதினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மதியத்துக்குள் யாராவது வாசித்துச் சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும்.

ஜிஜா ராஜதாஸ், வயது இருபத்துநான்கு, குன்னத்துகால்.

கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. இடது கைக்குப் பழக்கமில்லை.

சார் தாளைப் பார்த்தார். பழத்தைக் கீழே வைத்தார். பிறகு, காலையிலிருந்து நான் மடியிலேயே வைத்திருந்த வலது கையைப் பார்த்தார்.

வீக்கம் இன்னும் வடியவில்லை.

பொன்னப்பன் கன்னத்திலும் வடிந்திருக்காது.