கையை எடுக்கலாமா?

பேயாண்டிக்கு இதய அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆனால் அதற்காகத் தொடையில் துளைத்த ரத்தக்குழாய் கசிந்து, அந்த இடம் வீங்கத் தொடங்கியது. நர்ஸ் கனகலட்சுமி சட்டென்று அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் புதிதாய்ச் சேர்ந்திருந்த டாக்டர் சுஷ்மா பக்கத்திலேயே நின்றாள்.

“காலை அசைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க டாக்டர்,” என்றாள் கனகலட்சுமி.

“வலிக்குதுன்னு சொல்லுங்க டாக்டர்,” என்றார் பேயாண்டி, கூரையைப் பார்த்தபடி.

முன்பின் தெரியாத பெண் தொடையில் கை வைத்ததும் மனுஷர் கூசிப்போய்விட்டார் என்று சுஷ்மா நினைத்துக்கொண்டாள்.

“கூச்சப்படாதீங்க ஐயா. அவங்க நர்ஸ்தானே, நேராவே பேசுங்க.”

கனகலட்சுமி அழுத்திய கையை எடுக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நெடுநேரம் கழித்து சுஷ்மா தொட்டுப் பார்த்தாள். வீக்கம் மேலும் பரவவில்லை.

“ரத்தம் நின்னுருச்சு சிஸ்டர். கையை எடுத்துடலாம்.”

கனகலட்சுமி அழுத்துவதை நிறுத்தினாள். கை மட்டும் அங்கேயே இருந்தது.

“கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டியக் கூப்பிட வர, ஒரு மனுசனுக்கு இம்புட்டு வருசமா ஆகும்னு கேளுங்க டாக்டர்.”

சுஷ்மா திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பேயாண்டி கூரையிலிருந்து கண்ணைத் திருப்பினார்.

“மதுரையில அம்புட்டு ஆஸ்பத்திரி இருக்கையில, இங்கதான் போவேன்னு எதுக்கு ஒத்தக்கால்ல நின்னேன்? கூப்பிடத்தான் வந்தேன், கனகு. கையை மட்டும் எடுத்துராத.”