ஏழு தென்னைகளின் நிழல்

"ஏனுங்க அம்மணி, ஏழு தென்னையை எதுக்கு வெட்டிப்போட்டேன்?"

செல்லாத்தாளின் கோபத்தில் ஹுமேரா கூனிக்குறுகினாள்.

கிணத்துக்கடவில் மாத்திரைக் கம்பெனியின் கழிவுநீர் செல்லாத்தாளின் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்ய ஆராய்ச்சியாளரான ஹுமேரா கம்பெனிக்குள் ஒரு தொட்டி அமைத்திருந்தாள். வெயில் பட்டால் போதும், தொட்டியில் பூசிய பொடி தண்ணீரிலுள்ள மருந்தைச் சிதைத்துவிடும். மதிலோரம் செல்லாத்தாளின் தோட்டத்துத் தென்னைகள் நிழல் போட்டதால் அவற்றை வெட்டச் சொன்னதும் அவள்தான்.

"தொட்டித் தண்ணியில மருந்து அப்படியே இருக்குதாமே! எல்லாம் பொய்யா?"

"போன மாசம் நல்லாத்தானுங்க்கா வேலை செஞ்சுது. வாங்க, நேர்லயே பார்த்துடலாம்."

மேனேஜர் சிரித்தபடி வரவேற்றார். "வாங்க மேடம். முதலாளி உங்க தொட்டியைக் கண்ணு மாதிரி பார்த்துக்கறாருங்க."

பின்பக்கம் போனதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தொட்டியின் மேல், சவுக்குக் கால்கள் நட்டு, புதுத் தகரக் கூரை போட்டிருந்தார்கள்.

"அடுத்த வாரம் திறப்பு விழாங்க. வர்ற பெரிய மனுசங்க தலையில வெயில் படலாமுங்களா?"

"நிழலே விழக்கூடாதுன்னு சொன்னேனே!" ஹுமேரா கத்தினாள்.

"மர நிழலைத்தானுங்களே சொன்னீங்க?"

செல்லாத்தாள் கூரையின் சவுக்குக் கால்களை ஏற இறங்கப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"பாலுசாமிங்களா? தென்னையை அறுத்த மிசினை எடுத்துக்கிட்டு உடனே கம்பெனிக்கு வாங்க. இன்னும் ஒரு நிழல் பாக்கி இருக்குது."