கிராணி ஐயாவின் டாம் பலகை

தொண்ணூத்தெட்டு வயசு மனுசரைப் பால் ஊத்தாத தே ஓ கலக்க விட்டுட்டு, தான்பாட்டுக்கு நாற்காலியில உக்காந்திருக்கிற பொம்பளையைப் பத்தி எங்க தோட்டத்து லயத்துல என்ன பேசுவாங்க? அதைத்தான் நாங்களும் பேசினோம்.

அந்தப் பொம்பளை வெரோனிகா. எழுபத்தாறு வயசு, புருசன் போய் ரொம்ப வருசமாச்சு. மனுசர், பக்கத்து வீட்டு ராஜநாயகம். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியா இருந்தவர். அவருக்கும் சம்சாரம் இல்ல.

தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் வெரோனிகா வீட்டுச் சன்னலோரம் உக்காந்து, கட்டம் போட்ட பலகையில டாம் ஆடுவாங்க. போத்தல் மூடிதான் காய். ஆட்டம் முடிஞ்சதும் ஐயா எழுந்து போய்த் தண்ணி கொதிக்க வைப்பார். கை நடுங்க நடுங்கக் கோப்பையைக் கொண்டாந்து வெரோனிகா முன்னால வைப்பார். மகாராணி வாங்கிக் குடிப்பாங்க. கண்கொள்ளாக் காட்சிதான், போங்க.

ஐயாவோட மருமகள் ஐவிக்குத்தான் வயித்தெரிச்சல். பிரிஞ்சாங் டவுன்ல அவளுக்குக் குழாயைத் திறந்தா சுடுதண்ணி வர்ற வீடு. வந்துடுங்க மாமான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டா. நாளைக்கு ஆட்டம் இருக்கும்மான்னே சொல்லிக்கிட்டு இருந்தவர், போன மாசம் தூக்கத்துலேயே போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவர் வீட்லேயே நினைவு செபம் வச்சாங்க. ஆளாளுக்கு எழுந்து ஐயாவைப் புகழ்ந்தாங்க. கடைசியா வெரோனிகா எழுந்தாங்க.

"ராஜநாயகம் ஐயா ஒரு ஏமாத்துக்காரர்."

ஃபாதருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐயாவோட மகன் எட்ரியன் எழுந்திரிக்கப் பார்த்தான். ஐவி முந்திக்கிட்டா.

"சாகுற வரைக்கும் அவரை வேலை வாங்கினது பத்தாதா ஆன்ட்டி? இப்ப பேரையும் கெடுக்கணுமா?"

வெரோனிகா கோபப்படல. மலைக்குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வைக்குள்ள இருந்து கை ரெண்டையும் வெளியே எடுத்துக் காட்டினாங்க. விரலெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சா வளைஞ்சு கிடந்துச்சு.

"குளிர்ல இது எதையும் பிடிக்காதும்மா. ஒருநாள் கொதிதண்ணியைத் தூக்கப்போய்க் கால்ல கொட்டிக்கிட்டேன். இனிமே நான் போட்டுத் தர்றேன்னாரு ஐயா. இருபது வயசுக்கு மேல மூத்தவரு கையால வாங்கிக் குடிக்க மாட்டேன்னுட்டேன். மறுநாள் அந்த டாம் பலகையோட வந்தாரு. தோத்தவங்க தே ஓ போடணும், அதான் பந்தயம்னாரு."

போர்வையை இழுத்து மூடிக்கிட்டு மேல சொன்னாங்க.

"பூனையை விரட்ட நான் திரும்பினா போதும், தன் காயைத் தள்ளி என் காய்க்கு முன்னால வச்சிடுவாரு. வெட்டித்தான் ஆகணும், டாம்ல அது சட்டம்லா. ஒருநாள்கூட அவரு ஜெயிக்கல. நானும் தோத்துடணும்னு என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். தோக்குறதுல மட்டும் அந்த மனுசரை ஜெயிக்கவே முடியலம்மா."

சொல்லிட்டுச் சிரிச்சாங்க. சிரிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. எங்களுக்கும்தான்.

ஐவி மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

கூட்டம் கலைஞ்சுது. எட்ரியன் அப்பா வீட்டைப் பூட்டிட்டு, ஊருக்குக் கிளம்பக் காடிக் கதவைத் திறந்துக்கிட்டு நிக்கிறான், பொண்டாட்டியைக் காணோம். நானும் அவன்கூடப் போய்த் தேடிப் பார்த்தா, வெரோனிகா வீட்டுச் சன்னலோரம் உக்காந்திருக்கா. நடுவுல ஐயாவோட பலகை. ஐவியே மூடிகளை அடுக்கிக்கிட்டு இருந்தா.

"சின்ன வயசுல ஸ்கூல்ல நான்தான் சாம்பியன் ஆன்ட்டி. இனிமே பூசை முடிஞ்சா நேரா இங்கதான் வருவேன். தோத்தவங்க தே ஓ போடணும், சரியா?"

"நீ சாம்பியன்னா நான்தான் போடணும் போல."

"பார்ப்போம்."

ஆட்டம் ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல அடுப்படிப் பக்கம் பூனை கத்துச்சு. அதை விரட்ட வெரோனிகா திரும்பினாங்க.

அந்த நேரம் பார்த்து, ஐவி தன் காய் ஒன்னை நைசா வெரோனிகா காய்க்கு முன்னால தள்ளி வச்சதை நான் பார்த்தேன்.