வாசலுக்கு நாற்பது செடிகள்

“மார்கழிப் பனிக்கும் சாகக் கூடாது, சித்திரை வெயிலுக்கும் சாகக் கூடாது. அப்படி ஒரு செடி குடு தம்பி” என்று நர்சரிக்காரன் காளையிடம் கேட்டாள் பிலோமினாள்.

அருகில் நின்ற மகன் ஆல்பினுக்கு அது விந்தையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விலை பேசி முடிக்கப்போகும் வீட்டுக்குச் சித்திரை வெயிலைப் பற்றி என்ன கவலை?

பசுமலை வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு பெங்களூருக்கு வந்துவிடும்படி மூன்று மாதங்களாக அவன் மன்றாடினான். “நான் செத்த பெறகு வித்துக்க” என்பதே அவளுடைய மறுமொழியாக இருந்தது. அப்படிப்பட்டவள் நேற்றுத்தான், வாங்க வருகிறவர்கள் மொட்டை வாசலைப் பார்த்தால் நன்றாகவா இருக்கும், செடி வைப்போம் என்று இறங்கி வந்திருந்தாள்.

காளை குரோட்டன்ஸைக் காட்டினான். வெயிலில் இலை கருகும் என்றாள். இட்லிப்பூவைக் காட்டினான், பனியில் மொட்டு உதிரும் என்றாள். கடைசியில், ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பைகளின் முன்னே போய் நின்றாள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஐந்திதழ்ப் பூக்கள் அவற்றில் மண்டிக் கிடந்தன.

“இதுவாக்கா? மாச ஆரம்பத்துல வந்த சரக்கு. வித்தது போக மிச்சம் நிக்கிது” என்று காளை தயங்கினான். “எம்புட்டு வேணும்?”

“நாப்பது.”

காளை அவளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தான். செடியின் பெயரென்ன என்று ஆல்பின் கேட்க, நித்தியகல்யாணி என்றாள் தாய். பெயரே மங்கலமாக இருக்கிறதென்று மகிழ்ந்த அவன், நாற்பது பைகளையும் தானே ஆட்டோவில் ஏற்றினான்.

சனிக்கிழமை முழுவதும் குழி தோண்டியவனும் அவனே. ஆறு வயதில் கொடைக்கானல் விடுதிக்குப் போனவன். மண்வெட்டி பிடித்தறியாத உள்ளங்கைகள் கொப்பளித்தன. பிலோமினாள் படியில் அமர்ந்து இடம் காட்டினாள். வெளிக்கதவிலிருந்து படி வரையில் இருபுறமும் பூக்கள் வரிசையாக நின்றபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அப்பா ஞானமுத்து கட்டிய வீடு அது. அவரை அடக்கம் செய்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வரச் சொல்லித் தாய் ஆண்டுதோறும் அழைப்பாள். ஆண்டுதோறும் அவனுக்கு அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை இருக்கும். இந்த ஆண்டும் இருந்தது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய சற்று நேரத்தில், வீட்டை வாங்கவிருந்த மலைச்சாமியின் கார் வந்து நின்றது. இரண்டு முறை தனியே வந்து பார்த்து, வீடு பிடித்துப்போய், இன்று மனைவியையும் அழைத்து வந்திருந்தார். வெற்றிலை பாக்குத் தட்டு அந்த அம்மாளின் கையில் இருந்தது.

வாசலுக்குள் எடுத்து வைத்த காலை அந்த அம்மாள் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கணவரின் சட்டையைப் பற்றி, காதருகே ஏதோ சொன்னாள். மலைச்சாமியின் முகம் இருண்டது.

“கோவிச்சுக்கிறாதீக தம்பி. இந்த வீடு எங்களுக்குச் சரிப்படாது.”

தட்டு வந்தபடியே காரில் ஏறிப் போயிற்று. ஆல்பின் நான்கு முறை கைபேசியில் அழைத்தும் அவர் எடுக்கவில்லை.

செய்வதறியாமல் அவன் தாயிடம் வந்தான். அவள் குவளையில் நீர் மொண்டு கடைசிச் செடிக்கு வார்த்துக்கொண்டிருந்தாள்.

“இம்புட்டு அழகாப் பூத்திருக்கு. இதப் பாத்துட்டு ஏம்மா ஓடுறாக?”

பிலோமினாள் நிமிரவில்லை.

“ஒரு வருசமாச்சும் ஒங்கப்பா கல்லறைக்கு வந்திருந்தா, இது என்ன பூன்னு ஒனக்கும் தெரிஞ்சிருக்கும்யா.”