ஆட்சேபணை இல்லை

"எங்க தெருச் சங்கத்துக்கு ஆட்சேபணை எதுவும் இல்லைங்க."

மாநகராட்சிக் கூட்டத்தில் வெயில்காரர் எழுந்து நின்று இப்படிச் சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள் டீச்சர். பக்கத்து நாற்காலியில் மளிகைக்கடைக்காரர், "இது என்ன அநியாயம்" என்று முணுமுணுத்தார். அப்படியானால் கேட்டது சரிதான்.

தெருக்கோடியில் இருக்கும் காலி இடத்துக்காகத்தான் இத்தனை வருஷச் சண்டையும். அங்கே சோலார் பேனல் போட்டால் தெரு முழுக்க கரண்ட் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவரே வெயில்காரர்தான். எலெக்ட்ரீஷியன். வாயைத் திறந்தால் வெயிலைப் பற்றியே பேசுவார் என்பதால் வந்த பேர். சங்கத் தலைவரும் அவர்தான்.

அதே இடத்தை எண்ணெய் கம்பெனி கேட்டது, புது டேங்குகள் கட்ட.

கம்பெனி கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி வேன் கம்பெனி கொடுத்தது. டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளில்கூட கம்பெனி பேர்தான். தேர்தலில் எந்தக் கட்சி ஜெயித்தாலும், புது மேயர் பதவியேற்ற கையோடு கம்பெனி விருந்தினர் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சோலாருக்குக் கேட்ட அனுமதி மேஜைக்கு மேஜை தூங்கி வழிந்தது. ஆனாலும் தெருச் சங்கம் எதிர்க்கிறவரை அந்த இடத்தைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்று விதியில் ஒரு சின்ன முட்டுக்கட்டை இருந்தது.

அந்த முட்டுக்கட்டையைத்தான் வெயில்காரர் தன் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மேயர் நன்றி சொன்னார். அடுத்து, சாக்கடை தூர் வாருவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரே பேச்சு. மனுஷன் விலை போய்விட்டான் என்றார்கள். வெயில்காரரின் மனைவி சாமான் வாங்கப் போனபோது, மளிகைக்கடைக்காரர் எதைக் கேட்டாலும் இல்லை என்று கையை விரித்தாராம். தையல்கார அக்கா எதிரே வந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளாம்.

டீச்சருக்கு மனசு ஆறவில்லை. மனு எழுதியது அவள். கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியது அவள். நேரே வெயில்காரர் வீட்டுக்குப் போனாள்.

அவர் மாடியில் தன் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிப் புகையின் கரி தினமும் வந்து படியும். துடைக்காவிட்டால் கரண்ட் பாதிதான் வரும். அவளைப் பார்த்ததும் ஈரத்துணியோடு இறங்கி வந்தார்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லும்படி ஆயிடுச்சு டீச்சர்."

யாரைக் கேட்டுச் சொன்னார், போன மாசக் கூட்டத்தில்கூட கம்பெனிக்கு எதிராக அத்தனை பேரும் கை தூக்கவில்லையா என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

அவர் துணியைப் பிழிந்தார். கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது. கதவோரம் நின்ற அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க" என்றாள் டீச்சர்.

"சரிம்மா."

சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. அந்தச் 'சரி'யில் அவ்வளவு அலுப்பு.

வீட்டில் அவள் கணவர் மறுநாள் பஸ் டிப்போ வேலைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மகள் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அவரைத் திட்டாதே. நான்தான் போய்க் கேட்டுக்கிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

போன வாரம் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தாராம். ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். உங்கள் பெண் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறாள், எங்கள் லேபில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் தெரு தகராறு பண்ணாமல் இருந்தால் சரி என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனாராம். அன்றைக்கே இவர் பின்வாசல் வழியாக வெயில்காரரிடம் போயிருக்கிறார்.

"நான் போறப்போ மளிகைக்கடைக்காரர் வெளியே வந்துட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான் திரும்பறப்போ தையல்கார அக்கா சந்துல நின்னுட்டிருந்தா. அந்தக் கம்பெனி ஆள் ஒரு வீடு பாக்கி விடலை."

"அப்போ எல்லாரையும் கூட்டி வெச்சே அவர் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா? கை தூக்கினா வேலை போச்சு. தூக்கலைன்னா மானம் போச்சு." அவர் சட்டையை மடித்தார். "'காலம் பூரா ஒரே தெருவுல இருக்கணும், ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும். நானே சொன்னதா இருந்துட்டுப் போகட்டும்'னுட்டார்."

டீச்சர் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தாள்.

வெளியே யாரோ வெயில்காரரைப் பேர் சொல்லி ஏசிக்கொண்டே போவது கேட்டது. விறுட்டென்று எழுந்து வாசல்வரை போனாள். அந்த ஆளை நிறுத்தி நாலு வார்த்தை கேட்கத்தான் போனாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வேலைக்கு என்னிக்கு வந்து சேரச் சொன்னாங்க?"