கடைசி வரிசையில் ஹெஸ்டர்

பாருங்கள் இந்த அநீதியை! முப்பது ஆண்டுகளுக்கு முன், அந்த ஆங்கிலேய நெசவாலை ஊருக்கு முதன்முதலாக ஜெர்மானிய இசைநாடகம் வந்தபோது, மேடையேறி அதில் வரும் திருமணப் பாட்டைப் பாடினாள் என்பதற்காகத் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விலக்கப்பட்டவள் ஹெஸ்டர். இன்று போதகர் மகளின் மணநாள். தேவாலய ஆர்கனில் ஒலிப்பதோ அதே பாட்டு. அன்றைய விளக்கொளியும், மறுமுறை பாடச்சொல்லி ஆர்ப்பரித்த தறித்தொழிலாளரும் நெஞ்சில் நிறைய, கடைசி வரிசையிலிருந்த அவள் தன்னையறியாமல் பாடினாள்.

“நாடகக்காரி தொண்டைய இங்க தொறக்காதே!” என்று சீறினார் சபை மூப்பர்.

“பாட்டே நாடகக் கொட்டகையிலேருந்து வந்ததுதானே, ஐயா? அதுக்கு மட்டும் எப்போ ஞானஸ்நானம் கொடுத்தீங்க?”

மூப்பரின் முகம் சிவந்தது. அவளோ இரண்டாம் அடியைத் தொடங்கிவிட்டாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, எழுந்திருங்கள். பாடகர் வரிசைக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள்!